செட்டிநாட்டு மாமரத்தடியில் உட்லேண்ட் ஃப்ளாக்ஸ் வருமா?

கண்டனூர் ஆச்சி
எல்லாருக்கும் வணக்கம். சித்திரைக் கடைசியில மக வீட்டுக்கு ஓஹையோ போயிருந்தேன். அவ வீட்டுக்குப் பின்னாடி ஓக்கும் மேப்பிளுமா ஒரு சின்னக் காடு. அந்த மரங்களுக்கு அடியில ஒண்ணரைச் சாண் உயரத்துக்கு ஒரு செடி படர்ந்து கிடக்கு. ஊதா கலந்த நீலப் பூ, அஞ்சு இதழ், ஒவ்வொரு இதழ் நுனியிலயும் லேசா ஒரு வெட்டு. குனிஞ்சா நல்ல வாசம். உட்லேண்ட் ஃப்ளாக்ஸ்னு சொன்னா.

நம்ம வீட்டுல பின்கட்டைத் தாண்டி கிணத்தடியில ரெண்டு மாமரம், ஒரு வேம்பு. கீழே கட்டாந்தரை. அங்கே இதை வச்சா வருமா? மக தைக்கு வர்றா, வரும்போது விதை எடுத்துட்டு வர்றேங்கிறா. மண்ணு செம்பராங்கல் மண்ணு, போர் தண்ணி கொஞ்சம் உப்பு. இன்னொண்ணும் சொல்லிடறேன். வருஷத்துல பாதி நாள் நாங்க சென்னையில. வாட்ச்மேன் தண்ணி ஊத்தினாத்தான் உண்டு.

பள்ளத்தூர் பையன்
படம் இருந்தா போடுங்க ஆச்சி. ஃப்ளாக்ஸ்னு நாலஞ்சு விதம் இருக்கு.

கொலம்பஸ் மருமகள்
ஆச்சி, நான் தேவகோட்டை. அதே ஓஹையோவுல கொலம்பஸ்ல இருக்கேன், எங்க வீட்டுலயும் இந்தச் செடி இருக்கு. உங்க விவரிப்பே போதும், ஃப்ளாக்ஸ் டைவாரிகேட்டாதான் அது. கியூபெக்ல இருந்து வட ஃப்ளோரிடா வரைக்கும் காடுகள்ல தானா வளர்றது. கடையில இருக்கிற உயரமான தோட்ட ஃப்ளாக்ஸ் வேற, பாறைமேல பாய் விரிச்ச மாதிரி படர்ற குட்டை ஃப்ளாக்ஸ் வேற.

ஊர்ல வருமாங்கிறதை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். மக தோட்டத்துக்கு வேணும்னா நான் செய்யறதைச் சொல்றேன். இலை மக்கின மண்ணு நிறைய வேணும். ஈரம் நிக்கணும், ஆனா தண்ணி தேங்கக்கூடாது. ஒரு அடி இடைவெளி விட்டு நட்டா ரெண்டு மூணு வருஷத்துல கூடிக்கும். பூக்காத தண்டுகள் தரையில சாஞ்சு கணுவுக்குக் கணு வேர் விடும், அதுதான் பரவுற வழி. நம்ம ஊர்ல மல்லிக்குப் பதியன் போடறோமே, இது தானே போட்டுக்கும். வேர் விட்ட துண்டை வெட்டி எடுத்து வேற இடத்துல வச்சாப் போதும். விதைக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

வேர் மேலாப்புலயே ஓடும். அதனால களைக்கொத்து போட்டுக் கிளறாதீங்க, கையால பிடுங்குங்க. இலையுதிர் காலத்துல விழற இலையைச் சுத்தமா வாரிடாம மெல்லிசா விட்டுவைக்கணும். மொத்தமா மூடிட்டா அழுகும். கோடையில மழை தப்பினா தண்ணி விடணும்.

முயல்தான் பெரிய தொல்லை. மொட்டோட கடிச்சுட்டுப் போயிடும். கோழி வலையை வளைச்சுக் கட்டறதைத் தவிர வேற வழி தெரியலை, வாசனை மருந்தெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது.

செம்மண் தோட்டம்
ஆச்சி, நேராகச் சொல்லிவிடுகிறேன். கண்டனூரில் வராது. மண்ணும் உப்புத் தண்ணீரும் இரண்டாம் பட்சம். மண்ணை மாற்றலாம், முற்றத்து மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். குளிரை எங்கே போய் வாங்குவது?

அந்தச் செடிக்குக் குளிர்காலம் என்பது தூக்கம். பல வாரம் உறைபனிக்குப் பக்கத்தில் கிடந்து எழுந்தால்தான் மொட்டு வைக்கும். அமெரிக்காவில் ஊர்களைக் குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்து மண்டலம் பிரித்திருக்கிறார்கள். இந்தச் செடிக்குச் சொல்வது 3 முதல் 8 வரை. 8ஆம் மண்டலம்தான் அதற்கு வெப்பமான எல்லை. அங்கேயே குளிர்காலத்தில் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போகும். நமக்கு மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரி இருந்தாலே சால்வை எடுக்கிறோம்.

நட்டால் உடனே சாகாது, அதுதான் ஏமாற்றும். சில மாதம் பச்சையாக நிற்கும். பங்குனி வெயிலில் வாடும், தண்ணீரைக் கூட்டினால் வேரழுகும்.

பள்ளத்தூர் பையன்
அண்ணே, ஒரு சந்தேகம். ஃப்ளோரிடா வரைக்கும் தானா வளருதுன்னு மேல அக்கா சொல்றாங்க. ஃப்ளோரிடா நம்ம ஊர் மாதிரிதானே, தென்னை, மா எல்லாம் இருக்கு? அங்கே வந்தா இங்கே ஏன் வராது?

செம்மண் தோட்டம்
நல்ல கேள்வி தம்பி. தென்னையும் மாவும் இருப்பது தென் ஃப்ளோரிடா, மயாமிப் பக்கம். இந்தச் செடி இருப்பது வடக்கே, ஜார்ஜியா, அலபாமா எல்லையை ஒட்டிய காடுகளில். அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். மாநிலத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் பருவமும் ஒன்றாகிவிடாது. ஊட்டியும் ராமநாதபுரமும் ஒரே மாநிலம்தான்.

பள்ளத்தூர் பையன்
ஒத்துக்கறேன். அப்ப ஃப்ரிட்ஜ்? டூலிப் கிழங்கை ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து வெப்பமான ஊர்ல பூக்க வைக்கிறாங்களே. தொட்டியோட உள்ள வச்சிட்டா?

காரைக்குடி மாடித்தோட்டம்
வீட்டுல யாரு அனுமதிக்கிறது? இட்லி மாவு வைக்கவே இடம் இல்லை.

செம்மண் தோட்டம்
சிரிக்க வேண்டாம், தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. டூலிப்பில் பூவும் அதற்கான சாப்பாடும் கிழங்குக்குள்ளேயே தயாராக இருக்கும். வெளிச்சம் இல்லாமல் குளிரில் கிடந்தாலும், எடுத்து வைத்தால் ஒரு தடவை பூத்துவிடும். அடுத்த வருஷம் அந்தக் கிழங்கு பெரும்பாலும் வீண். ஃப்ளாக்ஸுக்குக் கிழங்கு கிடையாது. இலை குளிர்காலத்திலும் ஓரளவு பச்சையாக நிற்கும், அதற்கு வெளிச்சமும் வேண்டும். இருட்டுப் பெட்டியில் தொட்டியை அடைத்தால் பூஞ்சணம்தான் பூக்கும். அப்படியே தப்பி வெளியே வந்தாலும், கோடையில் ராத்திரிகூட 25 டிகிரிக்குக் குறையாத ஊரில் எத்தனை நாள் நிற்கும்?

கொலம்பஸ் மருமகள்
இன்னொரு விஷயம். இது நிழல் செடின்னு எல்லாரும் சொல்றோம், பாதிதான் உண்மை. இங்கே ஏப்ரல்ல ஓக், மேப்பிள் எல்லாம் மொட்டையா நிக்கும். வெயில் நேரா தரையில விழும். அந்தச் சில வாரத்துலதான் இது தழைச்சு மொட்டு விடுது. மே கடைசியில மேலே இலை மூடும்போது பூ முடிஞ்சிருக்கும், அப்புறம் வர்ற வெயிலுக்கு அந்த நிழல் குடை.

மாமரம் வருஷம் பூரா இலையோட நிக்கும். வேம்பு இலையைக் கொட்டறது மாசி பங்குனியில. அதாவது மரத்தடியில வெளிச்சம் வர்ற நேரமும் மண்ணு காயற நேரமும் நம்ம ஊர்ல ஒண்ணு. இங்கே மரம் குளிருக்கு இலையை உதிர்க்குது, அங்கே வறட்சிக்கு உதிர்க்குது. கணக்கே தலைகீழ்.

மழையும் அப்படித்தான். ஓஹையோவுல வருஷத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர், சிவகங்கைப் பக்கம் 900ஐ ஒட்டி. பெரிய வித்தியாசம் இல்லையேன்னு தோணும். ஆனா இங்கே அது பன்னிரண்டு மாசத்துக்கும் பிரிச்சுப் பெய்யுது. அங்கே ஆவணியில இருந்து கார்த்திகைக்குள்ள பெரும்பங்கைக் கொட்டித் தீர்த்துட்டு வானம் பூட்டிக்கும்.

கண்டனூர் ஆச்சி
இப்பப் புரியுது. அப்ப மக கொண்டு வர்ற விதையை என்ன பண்ண?

செம்மண் தோட்டம்
கொண்டு வரவே வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு விதை, செடி, மண் எதுவானாலும் 2003ஆம் வருஷத்துத் தாவரத் தனிமைக்காப்பு ஆணையின் கீழ் வரும். இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்தில் பிடித்தால் பறிமுதல்தான். சின்னப் பொட்டலம்தானே என்று பார்க்கக்கூடாது. அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த உண்ணிச்செடி இன்றைக்கு நம் காடுகளை எப்படி அடைத்திருக்கிறது பாருங்கள்.

இந்த விதைக்கு இன்னொரு குணமும் உண்டு. பூ முடிந்து கோடைத் தொடக்கத்தில் மண்ணில் விழுந்து குளிர்காலம் முழுக்க நனைந்து கிடந்து, அடுத்த வசந்தத்தில்தான் முளைக்கும். சட்டைப் பையில் வந்த விதை கண்டனூரில் அப்படியே தூங்கும்.

காரைக்குடி மாடித்தோட்டம்
ஆன்லைன்ல வாங்கலாம்னு யாரும் யோசனை சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். "அபூர்வ நீல ஃப்ளாக்ஸ், 100 விதை" அப்படின்னு படத்துல மயில் கழுத்து நிறம். வாங்கினேன், முளைச்சுது, வளர்ந்தது. பூத்தப்புறம் பார்த்தா பட்டிப்பூ, நித்தியகல்யாணி. வீட்டு வாசல்ல சும்மா முளைக்கிறதைக் காசு கொடுத்து வளர்த்திருக்கேன். கடை பேரு வேண்டாம், அந்த மாதிரி பத்து கடை இருக்கு. நீல ரோஜா விதைன்னு படம் போட்டிருந்தா அந்தக் கடைப்பக்கமே போகாதீங்க.

செம்மண் தோட்டம்
ஃப்ளாக்ஸ் என்ற பெயரில்தான் ஆசை என்றால் நம் ஊருக்கு ஒன்று இருக்கிறது. ஓராண்டுச் செடி, ஃப்ளாக்ஸ் டிரம்மாண்டி. டெக்சாஸ் பூர்வீகம். தாமஸ் டிரம்மாண்ட் என்பவர் 1835இல் அங்கிருந்து பிரிட்டனுக்கு விதை அனுப்பினார், அதே வருஷம் கியூபாவில் இறந்தும் போனார். அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். குளிர்காலப் பூ என்று இந்தியா முழுக்க நர்சரிகளில் இதன் விதை கிடைக்கும். சிவப்பு, ரோஸ், வெள்ளை, ஊதா என்று கலந்து வரும்.

செய்முறை சொல்கிறேன். ஐப்பசி அடைமழையில் நேரடியாகத் தரையில் விதைக்காதீர்கள், நாற்று கழுத்தழுகிச் சாயும். தாழ்வாரத்தில் மழை படாத இடத்தில் குழித்தட்டு வையுங்கள். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம பங்கு. விதை மேல் மெல்லிய மண் மூடி இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் முளைப்பு குறையும். இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். நாலு ஆறு இலை வந்ததும், கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்த பிறகு, ஒரு சாண் இடைவெளியில் பிடுங்கி நடுங்கள். நட்டு ஒரு வாரம் கழித்து நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். தை நடுவில் பூக்க ஆரம்பிக்கும். வாடின பூவை எடுத்துக்கொண்டே இருந்தால் பங்குனி வரை ஓடும். வெயில் ஏறியதும் முடிந்துவிடும், காப்பாற்ற முயல வேண்டாம், பிடுங்கி, மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்குப் போட்டுவிடுங்கள்.

கண்டனூர் ஆச்சி
தைக்குப் பூத்தா மக வர்ற நேரம் சரியா இருக்கும். மாசியில முன்னோருக்குப் படைக்கிற எங்க வீட்டுப் படைப்பும் இருக்கு, பங்காளிங்க எல்லாம் வருவாக. ஆனா இது மரத்தடியில வருமா?

செம்மண் தோட்டம்
மரத்தடியில் வராது ஆச்சி. இதற்கு முழு வெயில் வேண்டும். முகப்புத் திண்ணைக்கு முன்னால் இரண்டு பக்கமும் தொட்டியில் வையுங்கள். கிணற்றடிக்கு வேறு பார்ப்போம்.

பள்ளத்தூர் பையன்
கிணத்தடிக்கு டிசம்பர் பூ! எங்க அப்பத்தா வீட்டுல மரத்துக்குக் கீழே வேலி மாதிரி நின்னுச்சு. நீலம்தானே கேட்கிறாங்க?

காரைக்குடி மாடித்தோட்டம்
டிசம்பர் பூ இடுப்பு உயரம் வளருமே. ஆச்சி கேட்கிறது தரையோட படர்ற மாதிரி. எவால்வுலஸ்னு நர்சரியில நீலப் பூ விக்குது, நல்லாப் படரும்.

செம்மண் தோட்டம்
எவால்வுலஸ் அழகுதான், ஆனால் நிழலில் மொட்டே விடாது. காலை வெயில் விழும் கிணற்று மேடையோரம் என்றால் சரி. அதன் நாட்டு உறவுதான் நம் விஷ்ணுகிரந்தி. மழைக்குப் பிறகு செம்மண் தரிசில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக நீலப் பூ வைத்துக்கொண்டு கிடக்குமே, அதுதான். அதை வாங்க வேண்டியதில்லை. தோட்டத்துத் திறந்த வெளியை வாட்ச்மேன் மண்வெட்டியால் செதுக்காமல் விட்டால் தானே வரும். நம் வீடுகளில் "சுத்தம்" என்று சொல்லி ஒரு புல் இல்லாமல் செதுக்கிவிடுகிறோம், பிறகு கட்டாந்தரை என்று வருத்தப்படுகிறோம்.

டிசம்பர் பூ பற்றித் தம்பி சொன்னதே என் கணிப்பும். உயரம் ஒரு பிரச்சினை இல்லை. பூ முடிந்ததும், மாசி வாக்கில், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் அடர்ந்து தாழ்வாக நிற்கும். கார்த்திகையிலிருந்து தை வரை பூக்கும். ஊதா நீலம், வெள்ளை, ரோஸ், கோடு போட்டது என்று இருக்கிறது. நீலம்தான் வேண்டுமென்றால் பூத்திருக்கும்போதே பார்த்துக் குச்சி கேட்டு வாங்குங்கள். வாசம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தலையில் வைத்துக்கொள்ளலாம்.

கொலம்பஸ் மருமகள்
பட்டாசுக்காய்ச் செடியை விட்டுட்டீங்களே! ருயேலியா டியூபரோசா, கிரந்திநாயகம்னும் சொல்வாங்க. பூ நிறம் பார்த்தா உட்லேண்ட் ஃப்ளாக்ஸுக்கு ரொம்பக் கிட்ட, வெளிறின ஊதா நீலம். காலையில விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள உதிர்ந்துடும். காய்ஞ்ச காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில வச்சுக் காத்திருந்தா, ரெண்டு மூணு நொடியில "டப்"னு ரெண்டாப் பிளந்து தட்டையான விதை நாலா பக்கமும் பறக்கும். விதை ஈரம் பட்டதும் வழவழன்னு ஒட்டிக்கும். ஸ்கூல்ல பெஞ்சு பெஞ்சா இதேதான் வேலை. ஃப்ளாக்ஸ் காயும் முத்தினா வெடிச்சுதான் விதையை எறியும், என்ன, அது காய்ஞ்சா வெடிக்கும், இது நனைஞ்சா வெடிக்கும்.

கீழே கிழங்கு மாதிரி வேர் இருக்கிறதால தண்ணி இல்லாமலும் கிடக்கும். பூட்டின வீட்டுக்கு ஏத்தது.

செம்மண் தோட்டம்
ஏற்றதுதான், ஆனால் எல்லை போட்டு வளர்க்க வேண்டும். அதுவும் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து இங்கே ஊன்றியதுதான். வெடித்த விதை கிணற்றுச் சுவர் இடுக்கில்கூட முளைக்கும். ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தால் இருக்கட்டும், புதிதாகக் கொண்டுவந்து விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கொலம்பஸ் மருமகள்
நான் சம்மதிப்பேன். ஊர் முழுக்க ரோட்டோரத்துல ஏற்கெனவே இருக்கு, ஆச்சி வீட்டுல நாலு செடி கூடினா என்ன ஆயிடும்? சரி, விடுங்க.

கொடைக்கானல் குளிர்
இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். உட்லேண்ட் ஃப்ளாக்ஸ்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், தமிழ்நாட்டில் முயன்று பார்க்கத் தகுந்தது உறைபனி விழும் நீலகிரி மேல்பகுதிதான். ஊட்டித் தாழ்வான இடங்களில் மார்கழி, தையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். கொடைக்கானலிலும் பள்ளங்களில் சில ராத்திரி விழும். ஆனால் அது விட்டு விட்டு வரும் பனி, அமெரிக்காவில் போல வாரக்கணக்கில் நீளும் உறைகுளிர் இல்லை. எங்கள் தோட்டத்துக்கு எனக்கு ஆசை வரவில்லை, இங்கே அதற்குப் பதில் ஹைட்ராஞ்சியாவே நீலமாகப் பூக்கிறது.

கண்டனூர் ஆச்சி
மககிட்ட இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். அவ ஒண்ணு கேட்கிறா. அவ வீட்டுச் செடியில இப்ப இலைமேல மாவு தூவின மாதிரி இருக்காம். மருந்து அடிக்கணுமா?

கொலம்பஸ் மருமகள்
சாம்பல் நோய். கோடைக் கடைசியில வரும், செடியைச் சாகடிக்காது. உயரமான தோட்ட ஃப்ளாக்ஸுக்கு இது இன்னும் மோசம். பூ முடிஞ்சதும் தண்டைக் குறைச்சு வெட்டியிருந்தா புது இலை சுத்தமா வந்திருக்கும். இப்ப ரொம்பப் பிடிச்ச தண்டை மட்டும் வெட்டிக் குப்பையில போடச் சொல்லுங்க, உரக்குழியில வேண்டாம். தண்ணியை இலைமேல தெளிக்காம அடியில விடணும், அதுவும் காலையில. நெருக்கமா இருந்தா இடையில சிலதைப் பெயர்த்துக் காத்துப் போக வழி விடணும். பெயர்க்க நல்ல நேரம் வசந்தத்துல பூ முடிஞ்ச உடனே, இல்லைன்னா இலையுதிர் காலத் தொடக்கம். புதுசா வாங்கறதா இருந்தா "சாட்டஹூச்சி"ன்னு ஒரு ரகம், நடுவுல கருஊதாக் கண் இருக்கும். வாசத்துக்கு "கிளவுட்ஸ் ஆஃப் பெர்ஃப்யூம்". காட்டுல போய்ப் பெயர்த்து எடுக்க வேண்டாம், நர்சரியில வளர்த்ததா கேட்டு வாங்கச் சொல்லுங்க.

கண்டனூர் ஆச்சி
சொல்லிட்டேன். நான் முடிவு பண்ணிட்டேன்: முகப்புல தொட்டியில ஓராண்டு ஃப்ளாக்ஸ், கிணத்தடியில டிசம்பர் பூ. வேம்புக்கும் மாவுக்கும் நடுவுல நல்ல நிழல், அங்கேயே பூக்குமா? உப்புத் தண்ணி தாங்குமா? குச்சி எப்ப நடலாம்?

செம்மண் தோட்டம்
குச்சி இப்போதே நடலாம், மழைக்கு முன்னால் வேர் பிடிக்கட்டும். பென்சில் கனம், நாலு கணு, இரண்டு கணு மண்ணுக்குள். இந்தக் கார்த்திகையில் பூ குறைவாகத்தான் இருக்கும், அடுத்த வருஷம் பாருங்கள். அடர் நிழலில் இலை மட்டும் தழைக்கும், ஆகவே மாமரத்தின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிடுங்கள், காலை வெயில் ஓரிரு மணி நேரம் சாய்ந்து விழுந்தால் போதும். தண்டை ஒட்டி நடாதீர்கள், இலைக்கூரை முடிகிற ஓரமாக நடுங்கள். மாமரத்து வேருக்கு மேல் புது மண்ணைக் குவித்து மேடு கட்டவும் வேண்டாம், மரத்துக்கு ஆகாது.

தண்ணீருக்கு, முதல் இரண்டு மாதம் மட்டும் மழைத்தண்ணீர் அல்லது ஊருணித் தண்ணீர் கொடுங்கள். முற்றத்தில் பிடிக்கிற அண்டாத் தண்ணீர் அதற்குப் போதும். பிறகு வாரம் ஒருமுறை போர் தண்ணீர், மேலே வேப்பிலைச் சருகு மூடாக்கு மூன்று விரல் கனத்துக்கு. வாட்ச்மேனிடம் சருகைக் கூட்டிக் கொளுத்தாதே என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பள்ளத்தூர் பையன்
ஆச்சி, குச்சி எங்க வீட்டுல இருக்கு, நீலம்தான். ஞாயித்துக்கிழமை காரைக்குடி வர்றேன், வழியில கண்டனூர்ல கொடுத்துட்டுப் போறேன். ஈரச் சாக்குல சுத்திக் கொண்டு வர்றேன், அன்னிக்கே நட்டுடுங்க.

கண்டனூர் ஆச்சி
வா தம்பி. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போகலாம். உள்பெட்டிக்கு நம்பர் அனுப்பறேன்.